இத்தாலியத் துப்பாக்கியில் ஜெர்மன் கழுகு

ஒரு துப்பாக்கிச் சந்தையில் பார்த்த இத்தாலிய கார்கானோ கார்பைன் (குட்டையான ரைஃபிள்) பற்றிப் படம் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். குழலில் கிரீடம், கார்டோனே என்ற ஊர்ப்பெயர், 1941 என்ற வருடம். ரிசீவர் (குழலின் பின்பக்கம் பொருந்தும் இரும்புக் கூடு) மேல் சின்னக் கழுகு, அதன் கீழே 135 என்ற எண். மரக் கட்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சூடுபோட்ட இன்னொரு கழுகு. விற்பவர் இதை ஜெர்மன்காரர்கள் பறித்து, போரின் கடைசியில் திரட்டிய ஃபோல்க்ஸ்ஷ்டுர்ம் என்ற படைக்குக் கொடுத்த துப்பாக்கி என்று சொல்லி 650 டாலர் கேட்கிறார். உங்கள் கேள்வி, அந்த 135 எந்தத் தொழிற்சாலையின் எண் என்பது. நீங்கள் உண்மையில் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். பணத்தை எடுத்து நீட்டலாமா, நீட்டினால் ஏமாந்துபோவேனா என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். எண்ணைப் பற்றியும் வழியில் வரும்.

பதினெட்டு வருடமாகப் பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். கார்கானோ எனக்குப் பிடித்த துப்பாக்கி என்று சொன்னால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். விலை மலிவு, பெயரும் கெட்டுப்போன பெயர். கென்னடியைச் சுட்ட துப்பாக்கி என்பது மட்டும்தான் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் கையில் நூற்றுக்கணக்கில் வந்துபோயிருக்கின்றன, அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். படத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது. நான் சொல்லப்போவது எதைப் பார்க்க வேண்டும், எதை நம்ப வேண்டாம் என்பதுதான்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். இத்தாலி 1943 செப்டம்பர் 3-ம் தேதி நேச நாடுகளோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. செய்தி வெளியானது 8-ம் தேதி மாலை. ஜெர்மன்காரர்கள் இதை எதிர்பார்த்து ஏற்கெனவே திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ‘ஆக்ஸே’. சில நாட்களுக்குள் இத்தாலி, தெற்கு பிரான்ஸ், பால்கன் பகுதி, கிரேக்கத் தீவுகள் எங்கும் இத்தாலியச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். ரைஃபிள் மட்டும் 12 லட்சத்துக்கு மேல் அவர்கள் கைக்குப் போனது. இவற்றில் பெரும்பங்கு 6.5 மில்லிமீட்டர் கார்கானோதான். ஆக, ‘ஜெர்மன்காரர்கள் பறித்த கார்கானோ’ அப்படி ஒன்றும் அபூர்வமான பொருள் இல்லை. இன்று சந்தையில் இருக்கும் கார்கானோக்களில் கணிசமானவை ஏதோ ஒரு கட்டத்தில் ஜெர்மன் கிடங்கில் படுத்திருந்தவையாக இருக்கலாம்.

அப்படியானால் எல்லாவற்றிலும் கழுகு இருக்க வேண்டுமே? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தச் சின்னக் கழுகு ‘இது எங்களுடையது’ என்று உரிமை கொண்டாடும் முத்திரை அல்ல. ஜெர்மன் தரைப்படையின் ஆயுதத் துறை, வாஃபன்ஆம்ட், தொழிற்சாலையில் உட்கார்த்தி வைத்திருந்த பரிசோதகர்களின் முத்திரை. புதிதாகச் செய்த பாகத்தை அளந்து, சரி என்று ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். நம் ஊரில் எடைக்கல்லில் முத்திரை ஆய்வாளர் குத்துவாரே, அந்த மாதிரி. இத்தாலிய ராணுவம் ஏற்கெனவே சோதித்து, வருடக்கணக்கில் தோளில் மாட்டித் திரிந்த பத்து லட்சம் துப்பாக்கிகளை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துக் குத்த யாருக்கும் நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. எண்ணி, கட்டுக்கட்டாக ரயிலில் ஏற்றினார்கள். பின்களக் காவல், போலீஸ், கிழக்கிலிருந்து சேர்த்த தன்னார்வப் படைகள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு பங்கு முசோலினியின் புதிய குடியரசுப் படைக்கே திரும்பிப் போனது. காகிதத்தில் மட்டும் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண்ணும், இத்தாலியப் பொருள் என்பதற்கு அடைப்புக்குறிக்குள் ஓர் ‘ஐ’ எழுத்தும் கொடுத்தார்கள். அந்த எண் கையேட்டில் இருக்கும். துப்பாக்கியில் தேடினால் கிடைக்காது.

எனவே நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. உண்மையாகவே பறிக்கப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் ஜெர்மன் அடையாளம் ஒன்றும் இருக்காது. அடையாளம் பளிச்சென்று இருக்கும் துப்பாக்கியைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். இதே மாதிரி ஒரு சந்தை, இதே மாதிரி ஒரு கார்பைன், ரிசீவரின் இடப்பக்கம் கழுகு. விற்றவர் நன்றாகப் பேசினார், நானும் நன்றாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த இடத்தில் பழைய துரு அரித்துக் குட்டிக் குட்டிக் குழிகள் இருந்தன, அம்மைத் தழும்பு மாதிரி. கழுகின் இறக்கை ஒரு குழியின் நடுவே போயிருந்தது. முத்திரை முதலில் விழுந்து துரு பிறகு வந்திருந்தால், குழி முத்திரையின் கோட்டையும் சேர்த்துத் தின்றிருக்கும். இங்கே தலைகீழ். இறக்கையின் விளிம்பு குழியின் ஒரு பக்கத்தை அமுக்கித் தட்டையாக்கியிருந்தது, கோட்டின் அடிப்பகுதி வழவழவென்று இருந்தது. துருப்பிடிக்க எத்தனையோ வருடங்கள், அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம் யாரோ சுத்தியலை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கார்பைன் இன்னும் பட்டறைச் சுவரில்தான் தொங்குகிறது. புதிதாக வரும் பையன்களுக்கு லென்ஸைக் கையில் கொடுத்து முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இதைத் தவிர இன்னும் சில சங்கதிகள். சுத்தியலால் குத்திய முத்திரை இரும்பை ஓரத்துக்குத் தள்ளும், கோட்டைச் சுற்றி மெல்லிய வரப்பு மாதிரி எழும்பும். எண்பது வருடம் கைபட்டுத் துணிபட்டு வந்த துப்பாக்கியில் அந்த வரப்பு தேய்ந்து மழுங்கியிருக்க வேண்டும். நகத்தை வைத்து இழுத்தால் சுரண்டுகிறது என்றால் அது பழைய முத்திரை இல்லை. வரப்பே இல்லாமல், அடிப்பகுதி ஒரே ஆழத்தில் பொரிந்த மாதிரி இருந்தால் லேசரில் செதுக்கியது. முத்திரைக்குள் இருக்கும் நிறத்தையும் பாருங்கள். வெளியே பழுப்பேறிக் கிடக்க உள்ளே மட்டும் வெள்ளையாக இருந்தால் நேற்றையது. உள்ளே மட்டும் கன்னங்கரேலென்று இருந்தால் யாரோ இரும்பைக் கறுப்பாக்கும் மருந்து தடவியிருக்கிறார்கள். போலி செய்பவர்கள் செய்யும் இன்னொரு தப்பு, முத்திரையை மேசையில் வைத்ததும் கண்ணில் படும் இடமாகப் பார்த்துக் குத்துவது. அந்தக் காலப் பரிசோதகருக்கு வாங்குபவர் கண்ணைப் பற்றி என்ன கவலை? வேலைக்கு வசதியான இடத்தில் குத்திவிட்டு அடுத்ததை எடுத்தார்.

சரி, உங்கள் 135. அது ஜெர்மனியின் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் இருந்த மவுசர் தொழிற்சாலைப் பரிசோதகர் குழுவின் எண். ஜெர்மன் ராணுவத்தின் வழக்கமான கே98 ரைஃபிள்களில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும். அதனால்தான் இன்று விற்பனைக்குக் கிடைக்கும் போலி அச்சுகளிலும் அதே எண் இருக்கிறது. ஓபெர்ன்டோர்ஃபில் மவுசர் குழலை அளந்துகொண்டிருந்த ஆள் இத்தாலியக் குதிரைப்படைக் கார்பைனை எதற்கு எடுத்துக் குத்த வேண்டும்? முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். பழுதுபார்ப்புக்குப் போன துப்பாக்கிகளில் விசித்திரமான கலப்பெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது விற்பவர்.

வருடமும் உதைக்கிறது. 1941-ல் கார்டோனேயில் செய்தது இத்தாலிய அரசருக்கு. அதனால்தான் கிரீடம். பக்கத்தில் ரோமன் எண்ணில் 19 இருக்கிறதா பாருங்கள், அது முசோலினி ஆட்சி வருடம், 1940 அக்டோபர் கடைசியில் தொடங்கி ஒரு வருடம். அந்தத் துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளியே போனபோது இத்தாலி ஜெர்மனியின் கூட்டாளி. ஜெர்மன் பரிசோதகருக்கு அங்கே வேலை இல்லை. 1943 செப்டம்பருக்குப் பிறகுதான் வட இத்தாலியின் ஆலைகள் ஜெர்மன் மேற்பார்வைக்கு வந்தன. நடு இத்தாலியில் இருந்த டெர்னி ஆயுத ஆலை 1944 ஜூனிலேயே நேச நாடுகளிடம் விழுந்துவிட்டது. கார்டோனே 1945 ஏப்ரல் வரை ஜெர்மன் பிடியில் இருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் செய்த பொருளில் ஜெர்மன் ஏற்பு முத்திரை இருந்தால் அதில் நியாயம் உண்டு. நல்ல உதாரணம் பெரெட்டா 1934 கைத்துப்பாக்கி. ஜெர்மன்காரர்கள் எடுத்துக்கொண்ட பலவற்றில் ‘4யூடி’ என்று மட்டும் சின்னதாக இருக்கும். கழுகு கிடையாது, ஸ்வஸ்திகா கிடையாது, பார்த்தால் ஏதோ பாக எண் மாதிரி. போலி செய்பவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அதில் கதை சொல்ல ஒன்றும் இல்லை.

கட்டையில் இருக்கும் பெரிய கழுகைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். அது அலங்காரம். ஜெர்மன் கட்டைகளில் பரிசோதனை முத்திரை உண்டு, ஆனால் கைவிரல் நகம் அளவுக்குத்தான். இறக்கையை விரித்து, உள்ளங்கை அகலத்துக்குச் சூடுபோட்டதெல்லாம் போருக்குப் பின் யாரோ வீட்டுக் கொட்டகையில் செய்தது.

ஏமாற்று வேலை ஒருபக்கம், தெரியாமல் தப்பாகச் சொல்வது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் கண்ணில் படுகிறது. இத்தாலி 1938-ல் 7.35 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறப் பார்த்து, போர் வந்ததும் மறுபடி 6.5-க்கே திரும்பியது. மிஞ்சிய 7.35 ரைஃபிள்களில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் ஃபின்லாந்துக்குப் போயின. அங்கே அவற்றுக்குச் செல்லப்பெயர் ‘டெர்னி’. ஃபின்லாந்து ராணுவம் தன் சொத்து என்று ஒரு கட்டத்துக்குள் ‘எஸ்ஏ’ என்று குத்தியது. அதை வைத்துக்கொண்டு ‘ஹிட்லரின் எஸ்ஏ படை, பழுப்புச் சட்டைக்காரர்கள்’ என்று இரண்டு மடங்கு விலை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவரிடம் எடுத்துச் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே தெரியாது, முகம் வாடிவிட்டது. இவ்வளவுக்கும் ஃபின்லாந்து எஸ்ஏ தன்னளவிலேயே நல்ல சேகரிப்பு, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அப்புறம் ‘பிஎஸ்எஃப்’ என்று மூன்று எழுத்து. அது இத்தாலியில் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததற்கான சிவில் முத்திரை, ஜெர்மனியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தேய்ந்துபோன சவோய் (இத்தாலிய அரச குடும்ப) கிரீடத்தையே கழுகு என்று படித்தவர்களும் உண்டு.

முதல் உலகப்போரிலும் இதே கதை ஒருமுறை நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1917 அக்டோபரில் கபோரெத்தோவில் இத்தாலியர்கள் உடைந்தபோது ஆஸ்திரியர்கள் கையில் மலைபோலக் கார்கானோ சேர்ந்தது. அவற்றில் பலவற்றின், தோட்டா உட்காரும் அறையை கிரேக்க ராணுவத்தின் 6.5 தோட்டாவுக்கு மாற்றிக் குடைந்தார்கள், ஏனென்றால் அந்தத் தோட்டாவைச் செய்யும் வசதி அவர்களிடம் இருந்தது. இத்தாலியத் தோட்டாவின் உறை நீளம் 52, கிரேக்கத்துடையது 54 மில்லிமீட்டர். வெளியே பார்த்தால் அதே நீளக் கார்கானோதான். அதனால்தான் வாங்கியவுடன் எடுத்துக்கொண்டு சுடப் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முதலில் அறையை வார்ப்பெடுத்து அளக்க வேண்டும். எந்தத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரும் செய்து தருவார்.

அளக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இன்னும் ஆபத்தானது. ஜெர்மனியின் சொந்த 7.92 தோட்டாவுக்கு மாற்றிய கார்கானோக்கள் சில உலவுகின்றன. மாற்ற நினைத்ததற்கான காரணம் எளிது. ஃபோல்க்ஸ்ஷ்டுர்ம் என்ற கிழவர்-சிறுவர் படையை 1944 அக்டோபர் 18-ம் தேதி அறிவித்தார்கள். கையில் கொடுக்க ஜெர்மன் ரைஃபிள் போதவில்லை, இத்தாலிய ரைஃபிள் இருந்தது. ஆனால் அதற்கு இத்தாலியத் தோட்டாவும் இத்தாலிய கிளிப்பும் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தகட்டுப் பிடி) வேண்டும். கார்கானோவில் ஆறு தோட்டாக்களைக் கிளிப்போடு சேர்த்தே உள்ளே தள்ளுவோம். கடைசித் தோட்டா அறைக்குள் போனதும் வெற்றுக் கிளிப் அடிப்பக்கத் துளை வழியாகத் தானே கீழே விழும். கிளிப் இல்லை என்றால் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டியதுதான். 7.92 தோட்டா அந்தக் கிளிப்பில் உட்காராது. அதனால் மாற்றியவற்றில் பல ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாகி, கிளிப் இருந்த இடத்தில் மரத்துண்டைச் செருகி அடைத்திருப்பார்கள்.

இந்த மாற்றங்களை யார், எங்கே, எப்போது செய்தார்கள் என்பதில் சேகரிப்பவர்களிடையே இன்றுவரை வாக்குவாதம் உண்டு. ஒரு தரப்பு ஜெர்மன் பட்டறைகளைச் சொல்கிறது. இன்னொரு தரப்பு இவற்றில் ஒரு பகுதி போருக்குப் பின் மத்திய கிழக்கு நாடுகளுக்காக மாற்றியவை என்கிறது. இரண்டு பக்கமும் கையில் துப்பாக்கி இருக்கிறது, வாயை அடைக்கும் அளவுக்குக் காகிதம் இல்லை. நான் பார்த்த மூன்றும் மூன்று விதமாக இருந்தன, வேலை நேர்த்தியும் ஒன்றுபோல இல்லை. என் அபிப்பிராயம், இரண்டு தரப்பும் ஓரளவு சரி. அபிப்பிராயம்தான், தீர்ப்பு அல்ல. ஆனால் எந்தத் தரப்பு ஜெயித்தாலும் 7.92 கார்கானோவைச் சுடாதீர்கள். சாதுவான ஒரு தோட்டாவுக்கென்று 1891-ல் வடிவமைத்த போல்ட் (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் தண்டு) அது. நீங்கள் போடப்போகும் தோட்டா அதைவிட முரட்டுத்தனமானது.

முத்திரை சொல்லாததைச் சில நேரம் காகிதம் சொல்லும். அமெரிக்கச் சிப்பாய்கள் போர்க்கொள்ளைப் பொருளை ஊருக்குக் கொண்டுபோக மேலதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டியிருந்தது. துப்பாக்கியின் தொடர் எண் அதில் எழுதியிருந்து, அது குழலில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால், ஒரு கழுகுகூட இல்லாவிட்டாலும் நான் அதற்கு அதிக விலை கொடுப்பேன். ‘இத்தாலிய ரைஃபிள் 1’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் காகிதம் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும், யாரும் எதனோடும் சேர்த்து விற்கலாம். அப்படி மாறிப்போனவையும் கண்ணில் பட்டிருக்கின்றன. ‘என் தாத்தா ஜெர்மன் கிழவரிடமிருந்து பறித்தார்’ என்ற வாய்ச்சொல்லுக்கு நான் பணம் கொடுப்பதில்லை. தாத்தா பொய் சொன்னார் என்பதல்ல. 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகக் கார்கானோ வந்து, அஞ்சல் வழியில் இருபது டாலருக்குள் விற்றது. கென்னடி கொலையில் பேசப்படும் ஆஸ்வால்டு வாங்கியதும் அப்படித்தான். இரண்டு தாத்தாக்களின் துப்பாக்கியும் இன்று ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

அப்படியானால் சேகரிப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் வருடம் ஜெர்மன் அடையாளத்தை மறந்துவிடுங்கள். சாதாரண இத்தாலியத் துப்பாக்கி மூன்று நான்கு வாங்குங்கள்: ஒரு நீள 91 மாடல், ஒரு மடக்குக் கத்திக் கார்பைன், ஒரு 7.35, முடிந்தால் ஒரு 41 மாடல். டெர்னி, பிரெஷா, கார்டோனே ஆலைகள் ஒவ்வொன்றும் எப்படி எழுத்துக் குத்தும், எந்த இடத்தில் குத்தும், கட்டையில் வட்ட முத்திரை எங்கே வரும் என்பது கண்ணுக்குப் பழக வேண்டும். போருக்குப் பின் இத்தாலியர்களே பழுதுபார்த்த முத்திரைகளும் கட்டையில் இருக்கும், அவையும் பழக வேண்டும். இத்தாலியமாக இருக்க வேண்டியதெல்லாம் தெரிந்த பிறகு, அந்நியமான ஒன்று தானாகக் கண்ணை உறுத்தும். ஜெர்மனியில் ஏலங்களைப் பார்ப்பீர்களானால் படங்களில் ஸ்வஸ்திகாவை மறைத்திருப்பார்கள், அங்கே அதைப் பொதுவில் காட்டுவதற்குச் சட்டத் தடை உண்டு. மறைத்த முத்திரையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இப்போது உங்கள் கார்பைன். படத்தில் தெரியும் வரை குழலும் போல்ட்டும் நன்றாக இருக்கின்றன, மடக்குக் கத்தி உடையாமல் இருக்கிறது. முத்திரையே இல்லாத கார்கானோவாக நினைத்து, உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றுக்கு என்ன விலை போகிறதோ அதைச் சொல்லிப் பாருங்கள். கட்டையில் சூடுபோட்டதற்காக அதிலும் கொஞ்சம் குறைப்பேன், அந்த மரம் கெட்டுவிட்டது. சம்மதிக்கவில்லை என்றால் இரண்டு காரியம் கேளுங்கள். ஒன்று, லென்ஸ் வைத்துப் பார்க்க விட வேண்டும். இரண்டு, கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைக் காட்ட வேண்டும். திருகுகளைக் கழற்றி வளையங்களை நகர்த்தினால் வந்துவிடும், பத்து நிமிட வேலை. கட்டைக்குள் மறைந்திருக்கும் இரும்பில் பழைய நிறம் அப்படியே இருக்கும். அதையும் கழுகுக்குள் இருக்கும் நிறத்தையும் ஒரே வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கழற்ற விடமாட்டேன் என்றால் எனக்குப் படம் அனுப்பத் தேவையில்லை.